பீர் குப்பியா, மைக் குப்பியா? பழைய ஸ்டோன்வேர் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்து ஆக்கர் (பழைய சாமான்) கடைகளிலும், பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் இடங்களிலும், ஊறுகாய்ப் பரணிகளுக்கு நடுவே ஸ்டோன்வேர் எனப்படும், கடும் சூட்டில் சுட்ட கெட்டியான களிமண்ணாலான தடித்த குப்பிகள் அவ்வப்போது கண்ணில் படும். 19ஆம் நூற்றாண்டில் அசம்பு மலைத் தோட்டங்களிலும் நாகர்கோவில் மிஷன் வளாகத்திலும் ஆங்கிலேயர் குடியிருந்ததால், விற்பவர் எதைக் கேட்டாலும் "வெள்ளைக்காரன் பீர் குப்பி" என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, குப்பியின் வாயைப் பாருங்கள்.

விளிம்பில் ஊற்றுவதற்கான மூக்கு இருந்தால் அது பெரும்பாலும் மைக் குப்பிதான். ஆர்னால்ட் என்ற லண்டன் மை நிறுவனத்தின் பெயர் அழுத்தப்பட்டிருந்தால் ஐயமே இல்லை. பீர், ஜிஞ்சர் பீர் குப்பிகளுக்கு மூக்கு கிடையாது. உள்ளிருக்கும் வாயு தக்கையைத் தள்ளிவிடாதபடி கம்பியோ நூலோ இழுத்துக் கட்டுவதற்கு ஏற்றவாறு உதடு தடித்திருக்கும். உள்வாயில் மரை ஓடியிருந்தால், ஹென்றி பாரெட் 1879இல் காப்புரிமை பெற்ற திருகுமூடியின் காலத்தை ஒட்டியது என்று கொள்ளலாம்.

அடுத்தது மெருகு, அதாவது குப்பியின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு. கொதிக்கும் சூளைக்குள் உப்பை எறிந்து மெருகேற்றிய குப்பியின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போலப் பொரிபொரியாக இருக்கும். 1835ஆம் ஆண்டு வாக்கில் பிரிஸ்டலில் உருவான திரவ மெருகோ வழவழப்பானது. தோள்வரை தேன்நிறமும் கீழே வெளிர்நிறமுமாக இருப்பவை பெரும்பாலும் இவ்வகையே. கறுப்பு மையில் அச்சிட்ட வணிக முத்திரை மெருகுக்கு அடியில் இருக்க வேண்டும். நகத்தால் வருடும்போது அச்சு மேடாகத் தட்டுப்பட்டால், பிற்காலத்தில் ஒட்டியதோ என்று சந்தேகிப்பதே நல்லது.

வாங்குமுன் விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கக்கூடும். என் கணக்கில், உதட்டில் சிறு சில்லு போனதை மன்னிக்கலாம், உடலில் ஓடும் கீறலை மன்னிக்க முடியாது.

தாமே தோண்டி எடுக்க விரும்புவோர் வட்டக்கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் போகவே கூடாது. நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கடலோர மண்ணில் கிடந்த குப்பியில், மெருகின் வெடிப்புகள் வழியே உப்பு இறங்கியிருக்கும்; காயும்போது அது பூத்து மெருகை உரிக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சில நாட்களுக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, பின்னர் நிழலில் காயவிடுங்கள். ஆசிட் வேண்டாம், மென்மையான பிரஷும் சிறிது சோப்பும் போதும்.