போர் போடும் முன்: நிலத்தடி நீர் பற்றி நாம் செய்யும் தவறுகள்

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் மாமாவின் தோட்டம். நீரோட்டம் பார்க்க வந்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்தபடி நடந்தவர், அது நிமிர்ந்த இடத்தில் நின்று, "இங்க கீழ ஆறே ஓடுதுங்க" என்றார். மறுநாள் ரிக் வண்டி வந்தது. 850 அடி வரை வெறும் கல் புழுதிதான் பறந்தது.

முதல் தவறு அந்த 'ஆறு'தான். நீரோட்டம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. சேலத்துக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறைகள். ஆறு ஓட அங்கே இடமில்லை. சந்தேகமிருந்தால் கட்டுச்சுவர் இல்லாத பழைய கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே செம்மண். அதற்குக் கீழே கையால் பிடித்தால் உதிரும் உளுத்த பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அதில் விரல் நுழையாத ஒரு வெடிப்பு, ஓரமெல்லாம் பாசி, சொட்டுச் சொட்டாகக் கசிவு. அவர் சொன்ன ஆறு அதுதான்! உளுத்த பாறைக்குள் தண்ணீர் ஒரு நாளில் நகர்வது சில சென்டிமீட்டர், மிஞ்சினால் ஓரிரு மீட்டர்.

'இன்னும் நூறு அடி போனால் வந்துடும்' என்பது அடுத்தது. இதில்தான் காசு அதிகம் போகிறது. ஆழம் கூடக்கூட மேலிருக்கும் பாறையின் பாரம் அழுத்தி வெடிப்புகள் குறையும், இறுகும். மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப், உளுத்த பாறையில் ஊறும் மேல்தண்ணீரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. கேசிங் இல்லாமலும் முடியாது, அது வேறு விஷயம். 300 அடியில் கிடைக்காத தண்ணீர் 1,000 அடியில் கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். கிடைத்தாலும் உடனே குடிக்காதீர்கள். பாறையிலேயே நெடுநாள் கிடந்த நீரில் ஃப்ளூரைடு கரைந்திருக்கலாம்; சேலம், தர்மபுரிப் பக்கம் இது பழைய தொல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

ஓடை வேறு, கிணறு வேறு என்று நினைப்பதும் தவறு. மழை விட்டு வாரக்கணக்கான பிறகும், தை மாதத்தில், மலையோடைகள் சலசலக்கின்றனவே, எப்படி? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மண்ணும் உளுத்த பாறையும் குடித்து வைத்ததை மெல்ல விடுகின்றன. அந்த மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாறு, சரபங்கா வழியே காவிரிக்குப் போகும். மறுபக்கம் விழுந்தால் வாணியாறு வழியே தென்பெண்ணைக்கு.

நாம் உறிஞ்சி உறிஞ்சி நிலத்தடி மட்டம் ஓடைப் படுகைக்குக் கீழே இறங்கினால் கதை தலைகீழ். ஓடைத் தண்ணீர் கிணற்றை நோக்கி இறங்கும். திருமணிமுத்தாறு நகரத்துக்குள் எதைச் சுமந்து ஓடுகிறது என்று பாலத்தில் நின்று மூக்கைப் பொத்தியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையோரம் போர் வைத்திருப்பவர்கள் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

வறண்ட ஓடையை மூடி மனை போடுவது பற்றிப் பேச வேண்டாம். அடுத்த அடைமழை பேசும்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. பல வீடுகளில் குழாய் இன்னும் சிமெண்ட் தரையில்தான் முடிகிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். சிலர் அதை அப்படியே போருக்குள் விடுகிறார்கள். மாடித் தூசியும் காக்கை எச்சமும் கூடவே இறங்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை ஜல்லி, கரி, மணல் போட்ட தொட்டி வழியாக அனுப்புங்கள். பழைய கிணறு இருந்தால் இன்னும் நல்லது. குப்பை கொட்டி அதை மூடிவிடாதீர்கள்.

மாமா இப்போது மாடிக் குழாயைத் தோட்டத்துப் பழைய கிணற்றுக்குத்தான் திருப்பியிருக்கிறார். தண்ணீர் வராத போரின் வாயில் இரும்பு மூடி வைத்து வெல்டிங் செய்தாயிற்று. 2019-ல் மணப்பாறைப் பக்கம் மூடாத போருக்குள் ஒரு குழந்தை விழுந்து இறந்ததற்குப் பிறகு அத்தைதான் விடவில்லை: "சாயங்காலத்துக்குள்ள மூடி வரலைன்னா சோறு கிடையாது."