விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் எக்ஸ்டர்னல் மானிட்டர் வரலையா? இந்த வரிசைல பாருங்க

நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த ரெண்டாவது மானிட்டர், அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆனதும் "நோ சிக்னல்"னு நிக்குதா? உடனே மானிட்டர் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. முக்கால்வாசி நேரம் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் (ஸ்கிரீன்ல படம் வர வைக்கிற சாஃப்ட்வேர்) வில்லன், அப்டேட்டோட சேர்ந்து அதுவும் மாறியிருக்கும். நான் சொல்றது விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு, 10-லயும் கிட்டத்தட்ட இதேதான்.

ஸ்டெப் 1: கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க. மானிட்டர் பவர் ப்ளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க, சோர்ஸ் சரியான எச்டிஎம்ஐ-லதான் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 2: விண்டோஸ் கீயும் P-யும் சேர்த்து அமுக்குங்க. "பிசி ஸ்கிரீன் ஒன்லி"ல இருந்தா "எக்ஸ்டெண்ட்"க்கு மாத்துங்க, சில பேருக்கு இதோட வேலை முடிஞ்சிரும். அப்பவும் வரலன்னா விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B (இந்த தடவை P இல்ல) நாலையும் ஒண்ணா அமுக்குங்க, ஸ்கிரீன் ஒரு செகண்ட் கருப்பாகி திரும்ப வரும், பயப்படாதீங்க, கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும்தான் ரீஸ்டார்ட் ஆகுது, திறந்து வச்ச ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஸ்டெப் 3: இதான் மெயின். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க, "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்"ஐ விரிச்சுப் பாருங்க. அங்க "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா ஒரிஜினல் டிரைவர் லோடே ஆகலைன்னு அர்த்தம். அது ஸ்டெப்னி டயர் மாதிரி, லேப்டாப் ஸ்கிரீனை ஓட்டும், ரெண்டாவது மானிட்டருக்கெல்லாம் நம்ப முடியாது.

இன்டெல், என்விடியான்னு ரெண்டு கிராஃபிக்ஸ் சிப்போட பேர் இருந்தா கவனமா பாருங்க. நிறைய கேமிங் லேப்டாப்ல எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சிப்போடதான் கனெக்ட் ஆகியிருக்கும், லேப்டாப் ஸ்கிரீனோ இன்டெல் வழியா வரும். அதனால என்விடியா பேர் பக்கத்துல குட்டியா மஞ்சள் முக்கோணம் இருந்தா, லேப்டாப் ஸ்கிரீன் பளிச்சுனு இருக்கும், வெளி மானிட்டர் மட்டும் செத்துக் கிடக்கும். ஸ்கிரீன்தான் வருதே, அப்போ டிரைவர் ஓகேன்னு நினைச்சு நிறைய பேர் ஏமாறுறது இங்கதான்.

அந்தப் பேர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், "ரோல் பேக் டிரைவர்". பட்டன் மங்கலா இருந்தா பழைய டிரைவர் இல்லைன்னு அர்த்தம், லேப்டாப் கம்பெனி சப்போர்ட் சைட்ல உங்க மாடல் நம்பரைப் போட்டு டிரைவரை இறக்கி இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுங்க. தயவுசெஞ்சு "ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும்"னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேர் பக்கம் போயிடாதீங்க.

யுஎஸ்பி டாக் (யுஎஸ்பி-ல சொருகி மானிட்டரை மாட்டுற பெட்டி) வழியா மாட்டியிருக்கீங்களா? அது டிஸ்ப்ளேலிங்க் டைப்னா கதையே வேற. படத்தை சாஃப்ட்வேர் கம்ப்ரெஸ் பண்ணி யுஎஸ்பி-ல அனுப்புது, அதுக்குன்னு தனி டிரைவர் இருக்கு, அதைப் புதுசா போடணும். மேக்-லயும் இந்தத் தலைவலி உண்டு, 2018-ல மேக் ஓஎஸ் 10.13.4 வந்தப்போ டிஸ்ப்ளேலிங்க் மானிட்டர்கள் கருப்பாயிருச்சு. இப்போ மேக்ல அப்டேட்டுக்கு அப்புறம் டிஸ்ப்ளேலிங்க் மேனேஜருக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் பர்மிஷன் ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

ஸ்டெப் 4: எதுவுமே நடக்கலன்னா மட்டும் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்"ல போய் கடைசியா வந்ததை எடுங்க. எடுத்த கையோட அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி (Pause) வைங்க, இல்லன்னா அதுவே மறுபடி வந்து உக்காந்துக்கும். செக்யூரிட்டி அப்டேட்டும் சேர்ந்து போகுது, அதனால ரொம்ப நாள் இப்படியே விடாதீங்க. பெரிய வெர்ஷன் மாறியிருந்தா சிஸ்டம், ரெக்கவரில "கோ பேக்" இருக்கும், சாதாரணமா 10 நாளைக்குத்தான் அந்த சான்ஸ், அதுக்கப்புறம் டிரைவர் வழிதான்.