தலையணையை கூரியரில் அனுப்பப் போகிறீர்களா?

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு இலவம்பஞ்சுத் தலையணை அனுப்ப வேண்டுமா? அட்டைப்பெட்டியில் மட்டும் போடாதீர்கள். எடை ஒன்றரை கிலோதான் இருக்கும், ஆனால் கூரியர்காரர் டேப் வைத்து அளப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் கணக்கு. வருகிற எண் நிஜ எடையைவிட அதிகமென்றால் அதற்குத்தான் காசு. 60×40×20 பெட்டி என்றால் 9.6 கிலோ! அநியாயமாகத் தோன்றும், ஆனால் வண்டியில் அடைக்கும் இடத்துக்குத்தானே வாடகை.

முதலில் ஒரு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈரப்பதத்தோடு கட்டினால் பூஞ்சை வாடை வந்துவிடும். பிறகு கனமான பாலிதீன் கவரில் போட்டு, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டே பாய்போல் இறுக்கிச் சுருட்டுங்கள். பிடியைத் தளர்த்தாமல் இன்னொருவரை விட்டு பிரவுன் டேப்பை மூன்று இடத்தில் சுற்றச் சொல்லுங்கள். 40×20×20-க்குள் வந்துவிட்டால் கணக்கு 3.2 கிலோதான். மேலே ஒரு சாக்குப்பை போட்டுத் தைத்தால் போதும். முகவரிச் சீட்டு ஒன்றை உள்ளேயும் வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் உடனே பிரித்து வெயிலில் போடச் சொல்லுங்கள், பஞ்சு மறுபடி உப்பிவிடும்.