கொட்டகையில் உறங்கிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு ஒரே மாதிரியான வரலாறு இருக்கிறது. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ தொழில் செய்வார். கார் ஊரில் பெரிய வீட்டுக் கொட்டகையில் உறை போட்டு நிற்கும். கல்யாணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று பங்காளிகள் கூடும் நாட்களில் மட்டும் வெளியே வரும். அதனால், “பத்து வருஷத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை” என்பதே விற்பவர் சொல்லும் முதல் பெருமையாக இருக்கும். வாங்குபவர் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான்.

இப்படிப்பட்ட கார்களை ஓட்டாமல் நிறுத்தி வைப்பது பாதுகாப்பு அன்று. எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியத் தொடங்குகிறது. ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் அந்த இடத்தில் தட்டையாகிறது. எலி புகுந்தால் ஒயரிங் மிஞ்சுவதில்லை. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய காரைவிட, ஆறாயிரம் ஏழாயிரம் ஓடி, வருடம் தவறாமல் சர்வீஸ் பார்த்த ரசீதுகளுடன் வரும் காரையே நான் நம்புவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் 2014ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்குப் போயிருந்தேன். மீட்டர் 9,800 காட்டியது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. குனிந்து, டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படித்தேன். 0914 என்றிருந்தது, அதாவது 2014ஆம் ஆண்டின் 9ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் ஆழமாகவே இருந்தாலும், பள்ளங்களின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. பிறகு முன்பம்பரின் காற்றுத் திறப்புகளுக்குள் டார்ச் அடித்தேன். இந்தக் காருக்கு எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால்தான் இருக்கின்றன; அங்கே வேப்பஞ்சருகும் செம்மண்ணும் மக்கிக் கெட்டிப்பட்டு, ஏசி கண்டென்சரின் தகடுகளை அரித்திருந்தன. துணிக்கூரையைப் பாதி திறந்து, ஓரத்திலுள்ள மழைநீர் வடிகாலில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினேன். அது கீழே வந்து சேரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், “மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட விட்டுருவோம் தம்பி” என்றார். அவர் அக்கறையோடு செய்த வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வராததால், உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது, பேட்டரியும் நிறைவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு நிலை வாங்கப் போகிறவர்கள் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள். காரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே கேட்க வேண்டும் என்பதால், தாம் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் சைலன்சர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். போர்ஷேயின் ஆறு சிலிண்டர் படுக்கை எஞ்சின் முதல் நொடிகளில் சிறிது நீலப்புகை விடுவது இயல்பு. புகை நிற்காமல் வந்தாலோ, சூடான பின்னும் டக் டக் என்ற ஒலி தொடர்ந்தாலோ, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசக்கூடாது.

அடுத்து, உரிய ஸ்கேனரால் காரின் கணினியைப் படிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. போர்ஷே கார்களில் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும், அளவுக்கு மீறிய சுழற்சி வேகத்தை எத்தனை முறை தொட்டது என்பதும் அதில் பதிவாகியிருக்கும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். 20,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எஞ்சின் 1,500 மணி நேரம் ஓடியிருந்தால், சராசரி வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வருகிறது. நகர நெரிசலில் மட்டுமே ஓடிய கார் என்பதற்குச் சான்று இல்லையென்றால், மீட்டரில் யாரோ கைவைத்திருக்கலாம். மிகைச்சுழற்சிப் பதிவு பல படிகளாக இருக்கும். கையால் கியர் மாற்றும் காரில் மேல்படிகளில் எண்ணிக்கை இருந்தால், யாரோ தவறான கியருக்கு இறக்கி எஞ்சினை வதைத்திருக்கிறார் என்று பொருள்.

ஒவ்வொரு மாடலுக்கும் தெரிந்த நோய்கள் உண்டு. 1990களின் இறுதியிலிருந்து 2008 வரை வந்த போர்ஷேயின் பாக்ஸ்டர், 911 கார்களில், எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் உடைந்து எஞ்சினே போன நிகழ்வுகள் உண்டு; 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்த பேரிங்கே கிடையாது. வி8 எஞ்சினுடன் வந்த பிஎம்டபிள்யூ எம்3 என்றால், கனெக்டிங் ராடு பேரிங் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். 2016இல் இங்கு விற்பனைக்கு வந்த மஸ்டாங் ஜிடி எளிமையான எஞ்சின் கொண்டதுதான் என்றாலும், ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்ததால், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதை விசாரித்துவிடுங்கள். செராமிக் பிரேக் உள்ள காரானால் டிஸ்க் விளிம்பை உற்றுப் பாருங்கள். அதை மாற்றும் செலவு பல லட்சங்களில் போகும்.

காகிதங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சியோடு நேரில் ஒப்பிடுங்கள். கடன் இருந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30, வெளிமாநிலப் பதிவு என்றால் படிவம் 28 வழியாகப் பெற்ற தடையின்மைச் சான்று ஆகியவை கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். புதுச்சேரிப் பதிவுள்ள கார் மலிவாகத் தெரியும். அதைத் தமிழகத்துக்கு மாற்றும்போது இங்கு ஆயுட்கால வரி கட்ட வேண்டியிருப்பதால், அந்தத் தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து விலையில் கழித்துப் பேசுங்கள். இறக்குமதிக் காருக்குச் சுங்க வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி அவசியம். 2025 செப்டம்பரில், பூடான் வழியாக வரி ஏய்த்துக் கொண்டுவரப்பட்டவை என்ற பேரில் கேரளத்தில் பல சொகுசுக் கார்களைச் சுங்கத்துறை கைப்பற்றியது. அவற்றில் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கார்களும் இருந்தன.

ஓட்டிப் பார்க்கும்போது திருமயம் சாலையின் நேர்ப்பகுதி மட்டும் போதாது. ஊருக்குள் வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி, அடிவயிறு உரசுகிறதா, சஸ்பென்ஷனில் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். அருகிலுள்ள பங்கில் உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறதா என்பதையும் அன்றே விசாரியுங்கள். சென்னைப் பணிமனை 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விலை படிந்த பிறகு, பழைய டயரில் அந்தத் தொலைவை ஓட்டிப் போக வேண்டாம். தட்டு லாரியில் ஏற்றி அனுப்புங்கள். அங்கே டேங்கை வடித்து, டயர், எஞ்சின் ஆயில், பிரேக் திரவம், பேட்டரி நான்கையும் மாற்றிய பிறகு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.