பழைய லாரியில் தூங்கி விழும் மீட்டர் முட்கள்: கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி

என் லாரியின் டீசல் முள் பாதி டேங்கைக் காட்டிக்கொண்டிருக்கும். மேடுபள்ளமான சாலையில் சற்று நேரம் ஓட்டினால் மெல்லச் சாய்ந்து காலியில் படுத்துக்கொள்ளும். பிறகு எப்போதோ ஒன்றும் நடக்காததுபோல எழுந்து வரும். டேங்கில் மிதவையோடு இருந்து டீசல் அளவைச் சொல்லும் யூனிட்தான் கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, பாதி டீசலோடு டேங்கை இறக்கி, ஒரு பகல் முழுவதும் உடம்பெல்லாம் டீசல் வாடையோடு கிடந்து புது யூனிட் போட்டேன். பதினைந்தாம் நாள் முள் மறுபடியும் படுத்தது. உண்மையான குற்றவாளி மீட்டருக்குப் பின்னால் இருந்த சின்ன நட்டு. கைவிரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

அன்றிலிருந்து ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு குறிப்பேட்டைத்தான் எடுக்கிறேன். நிரந்தரமாகச் செத்துப்போன மீட்டரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை மயங்கும் மீட்டர்தான் ஆளைக் கொல்லும். பட்டறைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். அதனால் ஒரு வாரம் எதையும் கழற்றாமல் ஓட்டுங்கள். முள் மயங்கும் ஒவ்வொரு முறையும் எந்த முள், தனியாகவா மற்றவற்றோடு சேர்ந்தா, விளக்கு எரிந்ததா, வைப்பர் ஓடியதா, எஞ்சின் சூடா, வண்டி குலுங்கியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி நோய் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. ஆயில் பிரஷர் முள் விழுந்தால் மீட்டரைச் சந்தேகிக்காதீர்கள், எஞ்சினைச் சந்தேகியுங்கள். உடனே நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் குழாயோடு கூடிய மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டி உண்மையான அழுத்தத்தை அளந்த பிறகுதான் வயரைக் குறை சொல்லலாம். ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்த முள் ஆட்டம் காட்டினால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். டெம்பரேச்சர் முள்ளில் இன்னொரு சூழ்ச்சி உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்காமல் வயரிங்கில் கைவைக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் மீட்டர் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் முள் சோம்பேறியைப் போல மெதுவாக ஏறினால் அது சூட்டில் வளையும் ஈருலோகத் தகட்டால் இயங்கும் வகை. சட்டென்று குதித்து நின்றால் காந்தச் சுருள் வகை. சோம்பேறி வகைக்குப் பெரும்பாலும், பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்து மீட்டருக்கு அனுப்பும் ஒரு ரெகுலேட்டர் துணை இருக்கும். பழைய ஃபோர்டு வண்டிகளில் அது சராசரியாக 5 வோல்ட் கொடுக்கும். ஸ்மித்ஸ் மீட்டர்கள் உள்ள வண்டிகளில் 10 வோல்ட். இந்த ரெகுலேட்டர்தான் நம் கதையில் அடிக்கடி வரும் வில்லன்.

எல்லா முட்களும் ஒன்றாக மயங்குகின்றனவா? நான்கு சென்சார்கள் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது நடக்கிற காரியம் அல்ல. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்: ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், ரெகுலேட்டர், எர்த் (மின்சாரம் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். கம்பி அறுந்திருக்காது, ஆனால் இரு முனைகளிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், அல்லது பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும். கழற்றிச் சுரண்டி, கிளிப்பைச் சற்று நெருக்கிவிட்டுப் போடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, அதை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே முட்களைக் கவனியுங்கள். சாவி ஆடும்போது முள் ஆடினால் சுவிட்சுக்குள் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. சோம்பேறி முள் உடனே காட்டிக்கொடுக்காது, அதனால் மீட்டருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு டெஸ்ட் லாம்பையும் மாட்டிக்கொள்ளுங்கள். விளக்கு பொய் சொல்லாது.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பழைய வண்டிகளில் நான் பார்த்த மயக்கங்களில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிந்தன. ஹெட்லைட் போட்டால் முட்கள் நகர்கின்றன, இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு முள்ளும் ஆடுகிறது என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், டாஷ்போர்டின் எர்த் சரியில்லை. உறுதி செய்ய, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை மீட்டர் பெட்டியின் எர்த்திலும் வையுங்கள். விளக்கு, வைப்பர், காற்றாடி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட் காட்டினால் எங்கோ துருப்பிடித்திருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவில், அதாவது மின்தடையை அளக்கும் நிலையில், வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் வயரும் அங்கே நல்ல வயராகவே தெரியும். மின்சாரம் பாயும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

என் குறுக்குவழி இது: மீட்டர் பெட்டியின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு தனி வயர் இழுத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுவேன். மயக்கம் நின்றுபோனால் பழைய எர்த்தைத் தேடிக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் மாட்டுவேன். டெம்பரேச்சரும் ஆயிலும் மட்டும் சேர்ந்து ஆடினால் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைப் பாருங்கள். அந்த இரண்டு சென்சார்களும் எஞ்சின் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. ஸ்டார்ட்டரும் மந்தமாகச் சுற்றினால் ஐயமே வேண்டாம்.

ரெகுலேட்டருக்கு வருவோம். பழைய வகை, உள்ளே ஒரு தொடுமுனை திறந்து மூடித் திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்பும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் பைத்தியம் பிடித்ததுபோல ஓடும். அது கோளாறு அல்ல. டெஸ்ட் லாம்ப் வைத்தால் மினுக்மினுக் என்று அடிக்கும், அதுதான் அடையாளம். விளக்கு அணைந்தே இருந்தால் எல்லா முட்களும் கீழே கிடக்கும். விடாமல் எரிந்தால் எல்லா முட்களும் உச்சிக்கு ஏறும், கவனிக்காமல் விட்டால் மீட்டர்கள் எரிந்துபோகும். இந்த இரண்டாவது கோளாற்றுக்கு ரெகுலேட்டர் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதன் தகரப் பெட்டிக்கு எர்த் கிடைக்காவிட்டாலே போதும், தொடுமுனை திறக்க வழியில்லாமல் ஒட்டியபடியே இருக்கும். தாங்கும் திருகைக் கழற்றித் துருவைத் தேய்த்துவிட்டு மாட்டிப் பாருங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் மூன்று கால் 7805 சிப் 5 வோல்ட்டுக்கும், 7810 சிப் 10 வோல்ட்டுக்கும் பொருந்தும், அலுமினியத் தகட்டில் திருகி வைத்தால் சூடு தாங்கும். இது நெகட்டிவ் எர்த் உள்ள 12 வோல்ட் வண்டிக்கு மட்டும். 24 வோல்ட் வண்டியில் அதே சிப் அடுப்புபோலக் காயும்.

ஒரே ஒரு முள்தான் மயங்குகிறது என்றால் அந்த ஒரு சென்சார், அதன் வயர், அந்த மீட்டர், இவை மூன்றுக்குள்தான் விஷயம். சென்சாரிலிருந்து வயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும், எர்த்தில் தொட்டால் மறுகோடிக்கு. போனால் மீட்டரும் வயரும் நல்லவை. ஆனால் சோம்பேறி வகை மீட்டரை நேரடியாக எர்த்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்து நான் ஒன்றை எரித்திருக்கிறேன். நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துத் தொடுங்கள். எரிபொருள் டேங்கின் மேல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, ஒரு தீப்பொறி போதும். டேங்கிலிருந்து தள்ளியிருக்கும் கப்ளரில் (வயர்கள் இணையும் பிளக்), சாவியை அணைத்துவிட்டு வயரை மாட்டி, பிறகு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

டேங்க் யூனிட்டின் அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஃபோர்டில் காலிக்கு ஏறத்தாழ 73 ஓம், நிரம்பினால் 10. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் நேர்மாறாக, காலிக்கு 0, நிரம்பினால் 90. ஐரோப்பிய விடிஓ நிறுவனத்தின் வகையில் காலிக்கு 10, நிரம்பினால் 180. கடைக்காரர் கொடுத்ததை மாட்டிவிட்டு முள் தலைகீழாகக் காட்டுகிறதே என்று புலம்புகிறவர்கள் செய்த பிழை இதுதான். யூனிட்டை வெளியே எடுத்திருந்தால் மிதவையை மெதுவாக உயர்த்தி இறக்கி ஓம் அளவைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அறுந்து மீண்டால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது. ஓட்டும்போதும் எப்போதும் அதே அளவில்தான் முள் மயங்கும், குலுக்கலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. என் குறிப்பேட்டில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் டேங்கை இறக்கியிருக்க மாட்டேன். டெம்பரேச்சர் சென்சார் திருகில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருந்தால் உரித்துவிடுங்கள், எர்த் போவதே அந்தத் திருகு வழியாகத்தான்.

கடைசியாக மீட்டர் பெட்டியை வெளியே எடுப்பது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் சாவி அணைந்திருந்தாலும் அதன் பின்னால் பேட்டரியின் முழு பலமும் காத்திருக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றாமல் இழுக்க வேண்டாம். பின்பக்கத்தில் தாமிரக் கோடுகள் ஓடும் பிளாஸ்டிக் தாளை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள், முடி போன்ற வெடிப்பு பளிச்சென்று தெரியும். அதிக வாட் பல்பு போட்ட புண்ணியவான் யாராவது முன்னால் இருந்திருந்தால் ஹோல்டரைச் சுற்றித் தாள் கருகியிருக்கும். தாமிரத்தைப் பென்சில் ரப்பரால் துடையுங்கள், உப்புத்தாள் அதைத் தின்றுவிடும். வெடிப்பின் மேல் மெல்லிய வயரைப் பற்றவைத்துப் பாலம் போடலாம், ஆனால் சூட்டை ஓரிரு நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. நட்டுகளை இறுக்கும்போது கை நிதானம் தேவை. தண்டு சேர்ந்து சுற்றினால் உள்ளே இருக்கும் சுருள் அறுந்துவிடும்.

எஞ்சின் சூடான பிறகே மயங்கும் முள்ளென்றால் ஹேர் டிரையரால் பெட்டியைச் சூடாக்கி, திருப்புளியின் மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கப்ளரில் ஒவ்வொரு வயரையும் தனித்தனியே இழுத்து ஆட்டுங்கள். கொத்தாக ஆட்டினால் எது என்று தெரியாது.

சரிசெய்ததும் முதலில் மயங்கிய அதே சாலையில், அதே விளக்குகளோடும் வைப்பரோடும் ஓட்டிப் பாருங்கள். பத்து நாள் முள் நிமிர்ந்து நின்ற பிறகுதான் பெட்டியை முழுதாக மூடுவேன். அதுவரை நான்கு திருகுகளில் இரண்டை மட்டும்தான் போட்டு வைத்திருப்பேன்.