கிளப் மேடைக்குச் சின்ன டியூப் ஆம்ப்: வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

கடையில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்து வாங்கிய கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பக்கத்தில் டிரம்மர் வந்து உட்கார்ந்ததும் வேறு ஆம்ப் ஆகிவிடும். சின்ன டியூப் ஆம்ப், அதாவது வால்வு வைத்த ஆம்ப், வாங்குவதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. கிளப்பில் அது ஸ்நேர், சிம்பல், பேஸ் கிட்டார், பாடகர், பேசிக்கொண்டே குடிக்கும் கூட்டம் என எல்லாவற்றோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். ஐம்பதிலிருந்து நூற்றைம்பது பேர் வரை கொள்ளும் இடங்களையும், 5 முதல் 22 வாட் வரையுள்ள ஆம்ப்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாட் கணக்கு. 15 வாட்டைவிட 30 வாட் இரண்டு மடங்கு சத்தம் போடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது 'கொஞ்சம் ஏறியிருக்கிறது' என்ற அளவில் படும். இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. 5 வாட் ஃபெண்டர் சாம்ப்புக்கும் 50 வாட் மார்ஷலுக்கும் இடையே வாட் கணக்கில் உள்ள தூரம் இவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் உடனே அடுத்த பள்ளத்தில் விழுவார்கள்: "அப்போ 5 வாட்டே போதுமே!" டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கும் அளவுக்கு 5 வாட் ஆம்பை ஏற்றினால் அது கரகரவென்று டிஸ்டார்ஷனில்தான் இருக்கும். ப்ளூஸோ பழைய ராக்கோ மட்டும் வாசிப்பவருக்கு அது வரப்பிரசாதம். ஒரு ஃபங்க் ரிதமோ, தெளிவாகக் கேட்க வேண்டிய ஜாஸ் கார்டோ வாசிக்கிறவருக்குத் தலைவலி. நாம் கேட்க வேண்டிய கேள்வி, டிரம்மர் வாசிக்கும்போது இந்த ஆம்ப் எதுவரை சுத்தமாக நிற்கும் என்பதுதான். கிட்டார் வாசிப்பவர்கள் இதை ஹெட்ரூம் என்பார்கள். கிளீன் சவுண்ட் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு 6வி6 டியூப் உள்ள 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வகைதான் நான் சொல்லும் கீழ் எல்லை. கொஞ்சம் கரகரப்பு பரவாயில்லை என்றால் இரண்டு ஈஎல்84 டியூப் உள்ள 15 வாட் ஆம்ப் போதும். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், வாக்ஸ் ஏசி15 இரண்டும் அந்த ரகம். (நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோக்கள் பலவற்றில் சத்தம் கொடுத்ததும் இதே ஈஎல்84தான்.)

வாட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கோட்டைவிடுவது ஸ்பீக்கரை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று. செலஸ்டியன் கிரீன்பேக்குக்கு அது 98, அதே கம்பெனியின் வின்டேஜ் 30க்கு 100. இன்னும் சில 12 அங்குல ஸ்பீக்கர்கள் 95, 96லேயே நின்றுவிடும். 97 உள்ளதைக் கழற்றி 100 உள்ளதை மாட்டினால் 15 வாட் ஆம்ப் 30 வாட் போலக் கேட்கும். புது ஆம்ப் வாங்கும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முழுக்க ஏற்றிய டியூப் ஆம்ப், அட்டையில் போட்டிருக்கும் வாட்டைவிடக் கணிசமாக அதிகம் தள்ளும். செலஸ்டியன் ப்ளூ அருமையான ஸ்பீக்கர், ஆனால் அது தாங்குவது 15 வாட். 22 வாட் ஆம்பில் அதை ஒற்றையாக மாட்டி வால்யூமைத் திருகினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வால்யூம் குமிழைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. கடையில் 3 வைத்ததுமே காது கிழிகிறது, 'இன்னும் 7 மிச்சம் இருக்கிறதே' என்று சந்தோஷப்படுவார்கள். அந்த 7 மிச்சம் இல்லை. பெரும்பாலான டியூப் ஆம்ப்களில் சத்தத்தில் பெரும்பகுதி 4, 5க்குள்ளேயே வந்துவிடும். அதற்கு மேல் திருகத் திருக டிஸ்டார்ஷன்தான் கூடுமே தவிர சத்தம் பெரிதாக ஏறாது. கூடவே பேஸ் குமிழையும் பாருங்கள். தாழ்ந்த சுரங்கள்தான் ஆம்பின் சக்தியை அதிகம் தின்பவை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸ் 6, ட்ரிபிள் (கூர்மையான மேல் ஒலி) 7 என்று வைத்தால் நிறைவாக இருக்கும். அதே அமைப்போடு பேண்டில் வாசித்தால் பேஸ் கிட்டாரோடு மோதி, ஸ்பீக்கர் தொளதொளவென்று அடித்து, கிட்டார் காணாமல் போகும். டீலக்ஸ் ரிவெர்ப், பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்றவற்றில் மிட் (நடு ஒலி) குமிழே கிடையாது. பேஸை 3க்குக் கீழே இறக்கிப் பாருங்கள், மறைந்திருந்த மிட் வெளியே வரும், ஆம்பும் மூச்சுவிடும். தனியாகக் கேட்டால் மெலிந்ததாகத் தோன்றும் அந்த சவுண்டுதான் பேண்டோடு சேரும்போது சரியாக உட்காரும்.

எனவே வாங்குவதற்கு முன் டிரம்ஸோடு ஒருமுறை வாசித்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. நம் நகரங்களில் ஜாம் ரூம்கள் (பேண்ட் ஒத்திகை அறைகள்) மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு ஒரு மணி நேரம் அங்கே கொண்டுபோங்கள். உங்கள் கிட்டார், உங்கள் பெடல்கள், உங்கள் டிரம்மர். வேறு யாராவது வாசிக்க, நீங்கள் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் கூர்மையான சத்தத்தையெல்லாம் நேர்க்கோட்டில் டார்ச் அடிப்பதுபோல அனுப்பும். முழங்கால் உயரத்தில் இருக்கும் ஆம்ப் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசித்துக்கொண்டிருக்கும். உங்கள் காதுக்கு மந்தமாகப் படுவதால் ட்ரிபிளை ஏற்றுவீர்கள், முதல் வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பைச் சற்றே பின்னால் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள். கிளப் என்றால் காலி பீர் கிரேட்டுக்கா பஞ்சம்? பல பேர் 'சத்தம் போதவில்லை' என்று பெரிய ஆம்ப் தேடுவதற்கு உண்மையான காரணம் இந்த உயரக் குறைதான்.

இந்த இடத்தில் மைக் பற்றிச் சொல்ல வேண்டும். 1950களின் கடைசியிலும் 1960களிலும் கிட்டாரை யாரும் பெரிதாக மைக் வைத்து மேடை ஸ்பீக்கர்களில் விடவில்லை. அவை பாடகருக்கே போதவில்லை. அதனால்தான் ஏசி15க்குப் பின் ஏசி30 வந்தது, மார்ஷல் 100 வாட்டுக்குப் போனது. இன்று ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணிக்குப் பக்கத்தில், கூம்பின் நடு மூடி முடியும் விளிம்பைப் பார்த்து வைத்தால் கூட்டத்துக்குக் கேட்கச் செய்வது சவுண்ட் எஞ்சினியரின் வேலை. ராக் கலைஞர் நீல் யங் 1959ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்டேடியங்களிலேயே வாசித்திருக்கிறார். அது ஏறக்குறைய 15 வாட் ரகம். ஆகவே நீங்கள் வாசிக்கும் இடங்களில் கிட்டாருக்கு மைக் தருவார்களா, மேடையில் மானிட்டர் (வாசிப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உண்டு என்றால் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்கிற அளவு ஆம்ப் போதும். பாடகருக்கு மட்டும்தான் மைக் என்று சொல்லும் இடங்கள் என்றால் 22 வாட் பக்கம் போங்கள்.

எடையை விளம்பரத்தில் கடைசி வரியில் போடுவார்கள், நாமும் கடைசியில்தான் பார்ப்போம். ப்ளூஸ் ஜூனியர் ஏறக்குறைய 14 கிலோ, டீலக்ஸ் ரிவெர்ப் 19. வாட் குறைவான ஏசி15 காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) சுமார் 22 கிலோ! ட்வின் ரிவெர்ப் 29, அதைப் பற்றி இங்கே பேச்சே வேண்டாம். இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கிளப்பில், இரவு ஒரு மணிக்கு இறக்க வேண்டியது நீங்கள்தான்.

பெடல் நிறைய வைத்திருப்பவர்கள் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பெடலைச் செருகும் துளைகள்) இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆம்பின் டிஸ்டார்ஷனை வைத்து வாசித்து, டிலே பெடலை முன்னால் செருகினால் எதிரொலி எல்லாம் சேறாகிவிடும். டிஸ்டார்ஷன் பெடலிலிருந்துதான் வருகிறது என்றால் லூப் இல்லாமலே சமாளிக்கலாம்.

இனி, பணம் மட்டுமல்ல, ஆம்பே போய்விடும் தவறுகள். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும், ஆம்பின் உள்ளே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. 8 ஓம்ஸ் துளையில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்தான் போக வேண்டும். ஹெட்டையும் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) இணைக்கக் கிட்டார் கேபிளை மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிட்டார் கேபிளுக்கும் ஸ்பீக்கர் கேபிளுக்கும் ஜாக் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே கம்பி வேறு. கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானது இல்லை.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் மூலம் ஆம்ப் வரவழைப்பது நம் ஊரில் சகஜம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கென்றே கணக்காகச் செய்த பவர் டிரான்ஸ்பார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். பின்பலகையில் 50/60 என்று போட்டிருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் 230 வோல்ட் மாடலையே வாங்குவது மேல்.

இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் இதையெல்லாம்விட மோசமானது. கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு. எர்த் சரியில்லாவிட்டால் நடுவில் நீங்கள்தான் கம்பி. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். புது இடத்துக்குப் போனால் சின்ன சாக்கெட் டெஸ்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். எர்த் இல்லை என்று காட்டினால் வேறு சாக்கெட் கேளுங்கள்.

பழைய ஆம்ப் வாங்குகிறீர்கள் என்றால், ஆன் செய்து வால்யூமை ஏற்றி, ப்ரீஆம்ப் டியூப்களை (கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் சின்ன டியூப்கள்) ஒரு பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று ஓங்கி மணி அடித்தால் அந்த டியூப் மாற்ற வேண்டியது. 12ஏஎக்ஸ்7 என்ற ப்ரீஆம்ப் டியூபை மாற்றுவது பெரிய வேலை இல்லை, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் ஆயிற்று. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் என்றால் ஜோடியாக வாங்க வேண்டும், பல ஆம்ப்களில் பயாஸும் (டியூபில் ஓடும் மின்னோட்ட அளவு) பார்க்க வேண்டும். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பெட்டியைத் திறந்து நீங்களே கை வைக்காதீர்கள்: உள்ளே 300, 400 வோல்ட் ஓடுகிறது, ஆஃப் செய்த பிறகும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும். நிகழ்ச்சி நடுவில் ஃப்யூஸ் போனால் சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிச் செருகிச் சமாளிக்கிறவர்களும் உண்டு, அப்புறம் டிரான்ஸ்பார்மருக்கு அழுவார்கள். சரியான ஃப்யூஸ் மதிப்பு பின்பலகையிலேயே அச்சிட்டிருக்கும். அதே மதிப்பில் நாலைந்து வாங்கிக் கிட்டார் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.