மூளை முடக்குவாதக் குழந்தையோடு தாம்பரம் சித்த மருத்துவமனைக்கு

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து போக உழவன் எக்ஸ்பிரஸ்தான் தோது. 5 வயதுக்குள் டிக்கெட் எடுக்க வேண்டாம், ஆனால் படுக்கையும் கிடைக்காது. விடிய விடிய மடியில் தாங்க முடியாது, அதனால் டிக்கெட் எடுத்துப் படுக்கை வாங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில்வே சலுகை அட்டை இருந்தால் குழந்தைக்கும் துணைக்கு ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் கழிவு.

வலிப்பு மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். சித்த மருந்துதான் தொடங்கியாச்சே என்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். சிரப், ஊசியில்லா சிரிஞ்சு இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ரயிலில் 139, வெளியே 108.

குழந்தையை நிமிர்த்தி வைத்தே கஞ்சி ஊட்டுங்கள், இல்லாவிட்டால் புரையேறும்.

பற்பம், செந்தூரம் எனும் சித்த மருந்துப் பொடிகள் சிலவற்றில் பாதரசமோ ஈயமோ இருக்கும். பெயரை எழுதி வாங்கி, குழந்தையின் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.